அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களும் பொதுமக்களும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) என்பது அடிமை முறையைக் காக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென் மாநிலங்களுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே நடந்த போராகும். தொடருந்து, தந்தி, நீராவிக் கப்பல், இயந்திரத்தால் பெருமளவில் செய்யப்பட்ட துப்பாக்கி ஆகியவை முழு அளவில் பயன்பட்ட தொடக்ககாலப் போர்களில் இதுவும் ஒன்று. இதில் 6,20,000 பேர் இறந்ததாக நெடுங்காலம் கணக்கிடப்பட்டது. 2011-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, இந்த எண்ணிக்கை 7,50,000 அளவில் இருக்கலாம் எனக் காட்டியது. தொழிற்சாலையும் தண்டவாளமும் போரின் கருவிகளானதால் அங்கு வேலை செய்தவர்களும் அவற்றின் அருகில் வாழ்ந்தவர்களும் போருக்குள் இழுக்கப்பட்டனர். போர்க்களத்துக்கும் ஊருக்கும் இடையே இருந்த எல்லை இப்போரில் பெருமளவு மறைந்தது.

புதிய ஆயுதங்கள்

முந்தைய போர்களில் பயன்பட்ட மஸ்கட் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருந்தது. ஏறத்தாழ 90 மீட்டருக்கு அப்பால் அதைக் கொண்டு குறிபார்த்துச் சுடுவது கடினம். ரைபிளின் குழலுக்குள் சுருள் வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அப்பள்ளங்களில் இறுகிச் சுழன்றபடி வெளியேறுவதால் அது நேராகவும் நெடுந்தொலைவும் சென்றது. ஆனால் இறுக்கமான குண்டைக் குழலின் வாய்வழியே திணிக்க நேரம் பிடித்தது. பிரெஞ்சு இராணுவ அதிகாரி குளோத் எத்தியேன் மினியே 1840-களில் இதற்குத் தீர்வு கண்டார். அவர் வடிவமைத்த கூம்பு வடிவ ஈயக்குண்டின் அடிப்பகுதி குடைவாக இருந்தது. குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்ததால் எளிதில் உள்ளே இறங்கிய அக்குண்டு, வெடிமருந்து எரியும்போது விரிந்து பள்ளங்களைக் கவ்விக்கொண்டது.

வடக்கின் ஸ்பிரிங்பீல்டு, இரு தரப்பினரும் இங்கிலாந்திலிருந்து வாங்கிய என்பீல்டு ஆகிய துப்பாக்கிகள் இவ்வகைக் குண்டையே சுட்டன. 1857-இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சியைத் தூண்டிய தோட்டாக்களும் இதே என்பீல்டு துப்பாக்கிக்கு உரியவையே.

ஆயுதம் மாறிய வேகத்தில் போர்முறை மாறவில்லை. தளபதிகள் தொடர்ந்து வீரர்களை வரிசையாக நிறுத்தித் திறந்தவெளியில் முன்னேறச் செய்தனர். 1862 செப்டம்பர் 17 அன்று ஆண்டீட்டம் என்னுமிடத்தில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர் இறந்தனர், காயமடைந்தனர் அல்லது காணாமற்போயினர். போரின் இறுதி ஆண்டில் வீரர்கள் மண்ணைத் தோண்டிப் பதுங்கத் தொடங்கினர். வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சுற்றி 1864 ஜூன் முதல் 1865 ஏப்ரல் வரை நீண்ட பதுங்குகுழிப் போர் நடந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் முதல் உலகப் போரில் காணப்பட்ட காட்சிகளின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

காயமும் நோயும்

மென்மையான ஈயத்தால் ஆன மினியே குண்டு எலும்பில் பட்டதும் நசுங்கிப் பரவி, எலும்பைத் துண்டு துண்டாகச் சிதறடித்தது. கிழிந்த சீருடைத் துணியையும் அழுக்கையும் புண்ணுக்குள் கொண்டுசென்றது. அத்தகைய கையையோ காலையோ காப்பாற்ற வழியில்லாததால் மருத்துவர்கள் அதை வெட்டி அகற்றினர். போர்க்காலத்தில் ஏறத்தாழ 60,000 உறுப்பு நீக்க அறுவைகள் நடந்தன. மயக்க மருந்து இன்றியே இவை செய்யப்பட்டன என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் பெரும்பாலான அறுவைகளில் குளோரோபாம் அல்லது ஈதர் பயன்பட்டது. இல்லாதது கிருமிகளைப் பற்றிய அறிவுதான். மருத்துவர்கள் ஒரே கத்தியைக் கழுவாமல் அடுத்தடுத்த வீரர்களுக்குப் பயன்படுத்தினர். ஜோசப் லிஸ்டர் கிருமிநீக்க அறுவை முறையைப் பற்றி எழுதியது போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1867-இல்.

இறந்த வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நோயால் இறந்தவர்கள். தொடருந்துகள் பல்லாயிரம் பேரை ஒரே முகாமில் சேர்த்தன. தனித்த பண்ணைகளில் வளர்ந்த இளைஞர்கள் அங்கு முதன்முறையாகத் தட்டம்மைக்கு ஆளாயினர். கழிவு கலந்த குடிநீரால் சீதபேதியும் டைபாய்டும் பரவின.

போர்க் கைதிகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. ஒன்றியப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்களைப் பிற கைதிகளுக்கு இணையாக நடத்தத் தெற்கு மறுத்ததால் கைதிப் பரிமாற்றம் முறிந்தது. ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறைமுகாம் 10,000 பேருக்காக அமைக்கப்பட்டது. 1864 ஆகஸ்டில் அங்கு 32,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 13,000 பேர் அங்கு இறந்தனர்.

தொழிற்சாலைப் பெண்கள்

இப்போரில் ஒவ்வொரு வீரனும் சுட்ட காகிதத் தோட்டாவை யாரோ ஒருவர் கையால் சுருட்டியிருந்தார். ஆண்கள் படைக்குச் சென்றதாலும், சிறிய விரல்கள் இவ்வேலைக்கு ஏற்றவை எனக் கருதப்பட்டதாலும் பெண்களும் சிறுமிகளும் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டனர். ஆண்டீட்டம் சண்டை நடந்த அதே நாளில் பிட்ஸ்பர்க் அருகே அலெகேனி படைக்கலச் சாலையில் வெடிவிபத்து ஏற்பட்டு 78 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1863 மார்ச்சில் தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் நடந்த வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளுமே.

முற்றுகையும் பசியும்

மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான விக்ஸ்பர்க் 1863 மே மாதம் முதல் ஜூலை 4 வரை 47 நாட்கள் முற்றுகையிடப்பட்டது. தரையிலிருந்தும் ஆற்றிலிருந்த கப்பல்களிலிருந்தும் குண்டுகள் விழுந்ததால் மக்கள் மண்மேடுகளைக் குடைந்து குகைகளில் வாழ்ந்தனர். உணவு தீர்ந்தபின் கோவேறு கழுதை இறைச்சி உண்ணப்பட்டது. செய்தித்தாள் காகிதம் கிடைக்காமல் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டது.

வடக்கின் கடல் முற்றுகையாலும், தெற்கின் அரசு மிகுதியாக அச்சிட்ட பணத்தாலும் தெற்கில் விலைவாசி கடுமையாக உயர்ந்தது. 1863 ஏப்ரல் 2 அன்று ரிச்மண்டில் பெண்கள் கூடி உணவு கேட்டுக் கடைகளை உடைத்தனர். தென் மாநிலங்களின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் நேரில் வந்து, கலையாவிட்டால் சுடப்படுவீர்கள் என எச்சரித்தபின்னரே கூட்டம் கலைந்தது.

வடக்கில் கட்டாய ஆள்சேர்ப்பு ஏழைகளைக் கொதிக்கச் செய்தது. 300 டாலர் செலுத்தியவர் படையில் சேராமல் தப்பலாம். அது ஒரு கூலித்தொழிலாளியின் ஏறத்தாழ ஓராண்டு வருமானம். 1863 ஜூலையில் நியூயார்க்கில் வெடித்த கலவரம் கறுப்பின மக்களைக் கொல்லும் வெறியாட்டமாக மாறியது. அந்நகரில் இருந்த கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லம் ஒன்றும் எரிக்கப்பட்டது.

1864 நவம்பரில் ஒன்றியத் தளபதி வில்லியம் ஷெர்மன் சுமார் 60,000 வீரர்களுடன் அட்லாண்டாவிலிருந்து கடற்கரை நகரான சவான்னாவை நோக்கிப் புறப்பட்டார். எதிரிப் படைக்கு உணவும் ஆயுதமும் வழங்கும் ஆற்றலை அழிப்பதே அவரது நோக்கம். வீரர்கள் தண்டவாளங்களைப் பெயர்த்து, நெருப்பில் பழுக்கவைத்து, மீண்டும் பயன்படாதபடி மரங்களைச் சுற்றி வளைத்தனர். பண்ணைகளின் தானியமும் கால்நடைகளும் பறிக்கப்பட்டன.

கடல் முற்றுகையின் விளைவு கடல் கடந்தும் சென்றது. அமெரிக்கப் பருத்தி நின்றதால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்தனர். இந்தியப் பருத்திக்குத் தேவை பெருகி பம்பாய் வணிகர்கள் செழித்தனர். போர் முடிந்த 1865-இல் விலை சரிந்து அவர்களில் பலர் நொடித்துப்போயினர்.

அடிமைப்பட்டிருந்தோர்

தெற்கில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். ஒன்றியப் படை நெருங்கியபோதெல்லாம் அவர்கள் பண்ணைகளை விட்டு அதன் முகாம்களுக்குத் தப்பி வந்தனர். 1863 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்குப் பின் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையில் பணியாற்றினர். ஆனால் நெரிசலான அகதி முகாம்களில் பெரியம்மையாலும் பசியாலும் பலர் இறந்தனர். 1865 டிசம்பரில் 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை நாடெங்கும் ஒழித்தது. மற்றவர்களுக்கு அழிவாக வந்த இப்போர், பெரும் விலையோடு இவர்களுக்கு விடுதலையையும் கொண்டுவந்தது.

போருக்குப் பின்

வீரர்களுக்கு அடையாளத் தகடு வழங்கும் வழக்கம் அப்போது இல்லை. சிலர் தம் பெயரைத் தாளில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டனர். போருக்குப் பின் ஒன்றிய அரசு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தன் வீரர்களின் உடல்களைத் தோண்டியெடுத்துத் தேசியக் கல்லறைகளில் மீண்டும் புதைத்தது. ஏறத்தாழ பாதிப் பேரின் பெயர் தெரியவில்லை. விக்ஸ்பர்க் கல்லறையில் உள்ள சுமார் 17,000 ஒன்றிய வீரர்களில் ஏறத்தாழ 13,000 பேர் பெயரற்றவர்கள். தெற்கின் வீரர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. அவர்களின் உடல்களை உள்ளூர்ப் பெண்கள் சங்கங்களே திரட்டிப் புதைத்தன. செவிலிப் பணியால் புகழ்பெற்ற கிளாரா பார்ட்டன், காணாமற்போனோர் குறித்து உறவினர் எழுதிய கடிதங்களைக் கொண்டு 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு என்ன நேர்ந்தது எனக் கண்டறிந்தார்.

போரின் நடுவே, 1863 ஏப்ரலில், சட்ட அறிஞர் பிரான்சிஸ் லீபர் வரைந்த நடத்தை விதிகளை லிங்கன் அரசு வெளியிட்டது. கைதிகளைக் கொல்வதையும் சித்திரவதையையும் அது தடைசெய்தது. ஆயுதம் ஏந்தாத குடிமக்களை இயன்றவரை காக்க வேண்டும் என்றது. அதே விதித்தொகுப்பு, போரை விரைவில் முடிக்க உதவுமானால் எதிரி நாட்டின் ஆயுதமற்ற மக்களையும் பட்டினி போடுவது சட்டப்படி சரி என்றும் கூறியது. 1899, 1907 ஆம் ஆண்டுகளின் ஹேக் உடன்படிக்கைகளுக்கு இவ்விதிகள் அடிப்படையாக அமைந்தன. பொதுமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கையாள்வதற்கு வெளிப்படையான தடை 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறைகளில்தான் இடம்பெற்றது.