ஓடாத வண்டிக்கு ஆயில் எதற்கு?

மும்பையில் மாதுங்கா, சயான், செம்பூர் ஆகிய பகுதிகளில் நம்மவர் வாழும் கட்டடங்களின் பின்புறம் சென்று பார்ப்போர், துணி உறைக்குள் ஓய்வு கொண்டிருக்கும் ஒரு பழைய பியட் வண்டியை இன்றும் எங்கேனும் காணலாம். அருகிலுள்ள குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் பிறந்து, முதலில் பியட் என்றும், 1970-களில் பத்மினி என்றும் பெயர் பூண்ட வண்டி அது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய வண்டி. பிள்ளைகளைப் பள்ளிக்கும், ஊரிலிருந்து வந்த உறவினரை ரயிலடியிலிருந்து வீட்டிற்கும் சுமந்த வண்டி. அதை விற்க மனம் வருவதில்லை; நாள்தோறும் ஓட்டவும் இயல்வதில்லை. ஆண்டொன்றுக்கு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதுவே மிகுதி.

இத்தகைய வண்டியை வைத்திருக்கும் அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: “ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றினால் போதும் என்கிறார்கள். எங்கள் வண்டி அவ்வளவு ஓடப் பத்து ஆண்டுகள் ஆகும். அதுவரை பொறுக்கலாம் அல்லவா?”

கணக்கு என்னவோ சரிதான், முடிவுதான் தவறு. ஓட்டம் மட்டுமே ஆயிலைக் கெடுப்பதாயின் இந்தக் கணக்குச் செல்லும். ஆனால் குறைவான ஓட்டமும் ஆயிலைக் கெடுக்கும் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகிப் புகையோடு வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி ஆயிலுடன் சேர்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் மீண்டும் ஆவியாகி அகன்றுவிடும். கடைத்தெரு வரை சென்று திரும்பும் வண்டியில் அதற்கு வாய்ப்பில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சோக் இழுத்துக் கிளப்பும்போது எரியாத பெட்ரோலும் சற்றே கீழிறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. ஈரமும் எரிபொருளின் கழிவுகளும் கூடி அமிலமாகின்றன. அமிலத்தை அடக்குவதற்கென்று ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்தும் நாளடைவில் தீர்ந்துபோகிறது. பிறகு அமிலம் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளின் மெல்லிய உலோகப் பூச்சை அரிக்கத் தொடங்குகிறது. வண்டி நிற்கும் மாதங்கள் எல்லாம் இந்த வேலை ஓசையின்றி நடக்கும்.

இங்கே பெரியவர் பலரிடம் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஞாயிறுதோறும் காலையில் வண்டியைக் கிளப்பி, பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்துவார்கள். அன்பினால் செய்வதுதான், எனினும் வண்டிக்கு அது நன்மை தருவதில்லை. ரேடியேட்டர் நீர் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால், வாரந்தோறும் புதிய ஈரத்தை ஆயிலுக்குள் செலுத்தியதே பயனாக எஞ்சும். அதைவிட, மாதம் ஒருமுறையோ இருமுறையோ வீட்டாரை ஏற்றிக்கொண்டு பதினைந்து, இருபது கிலோமீட்டர் தடையின்றி ஓட்டி வருவது எவ்வளவோ மேல்.

ஆகவே விதி எளியது: எத்தனை குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஓடும்போதெல்லாம் நன்றாகச் சூடேறி, உலர்ந்த கொட்டகையில் நிற்கும் வண்டியின் ஆயில் இன்னும் சிறிது காலம் தாங்கும் என்பார் உண்டு, உண்மையே. ஆனால் மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் அந்தச் சலுகையை நாம் எதிர்பார்க்கலாகாது.

எந்த மாதத்தில் மாற்றுவது? மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்போர் மே மாத இறுதியில் மாற்றுவதே உத்தமம். பழைய அமிலத்தில் பேரிங்குகள் நான்கு மாதம் ஊறிக்கிடப்பதினும், புதிய ஆயிலில் ஓய்வு கொள்வது நலமன்றோ? வண்டியை ஓட்டிச் சூடேற்றிய பின்பே பழைய ஆயிலை இறக்க வேண்டும். அப்போதுதான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வடிகட்டியையும் உடன் மாற்றுக. புதிய ஆயில் ஊற்றியபின் சற்று ஓட்டிவிட்டு நிறுத்தினால் அது எல்லா உறுப்புகளிலும் படியும். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைப்பது நம் கடமை.

விலை உயர்ந்த ஆயிலே சிறந்தது என்று மயங்கவும் வேண்டாம். பழைய எஞ்சின்களில் கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் உராய்ந்து இயங்குவதால், துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய காப்புச் சேர்க்கை அவற்றுக்கு அவசியம். இக்காலத்துப் புதிய கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக் கருவியைப் பாதுகாக்க, அவற்றுக்குரிய மெல்லிய ஆயில்களில் இச்சேர்க்கையைக் குறைத்துவிட்டனர். கையேட்டில் கண்ட தடிப்பே நமக்கு வழிகாட்டி. பெரும்பாலும் 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 ஆயில் பொருந்தும்.

இடையிடையே அளவு பார்க்கும் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் தேன் நிறமாக இருப்பதைக் கண்டு மட்டும் மெக்கானிக் “நன்றாக இருக்கிறது” என்றால் அமைதி கொள்ள வேண்டாம், அமிலத்துக்கு நிறமில்லை. ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல் படிந்திருந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஆயில் மட்டம் தானாக உயர்ந்து பெட்ரோல் வாடை வீசினால், எஞ்சினோடு இணைந்த பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல் பழுது பார்க்க வேண்டும்.

பத்மினியின் உற்பத்தி நின்று இரு பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உத்தர்பாராவில் அம்பாசடர் 2014-இல் நின்றது. மும்பை டாக்சிகளாக ஓடிய பத்மினிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. உதிரிப் பாகங்களும், அவற்றைப் பொருத்தத் தெரிந்த கைகளும் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. ஐம்பது ஆண்டுகள் கடந்த, உருமாறாத வண்டிகளை விண்டேஜ் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. அந்த வயதை எட்டும்வரை எஞ்சின் உயிரோடிருக்க வேண்டாமா? சில லிட்டர் ஆயிலை மிச்சப்படுத்தி எஞ்சினை இழப்பது சிக்கனம் ஆகாது. பாட்டனார் ஓட்டிய வண்டியில் பேரப்பிள்ளைகளும் ஏறிச் செல்ல வேண்டுமென விரும்பும் இல்லத்தார், மே மாதத்தில் நாட்காட்டியில் ஒரு நாளை இப்போதே குறித்து வைப்பார்களாக.