ராஜ்யம் இழந்த ராஜாவின் கலைச்சாலை

மேல்நாட்டு மன்னர்கள் கலைகளையும் சாஸ்திரங்களையும் வளர்ப்பதற்கென்று ராஜ சபைகளை ஏற்படுத்தி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. லண்டன் ராயல் சொஸைடி 1660-ல் தோன்றி, 1662-ல் அரசரின் சாஸனம் பெற்றது. பாரிஸ் விஞ்ஞான சபை பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் 1666-ல் எழுந்தது. இவற்றைப் பாடமாகச் சொல்லித் தரும் நாம், அதே தொண்டைக் காவிரிக் கரையில் புரிந்த ஓர் அரண்மனையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோமா?

தஞ்சையில் இப்பணி மராட்டியர் வருமுன்பே உண்டு. நாயக்க மன்னர்கள் அரண்மனையில் ஓர் ஏட்டுச்சாலை வைத்திருந்தார்கள். எழுபத்திரண்டு மேளங்களை வகுத்த வேங்கடமகி அவர்கள் ஆதரவில் வாழ்ந்தவர். அந்த விதையைப் பெருமரமாக்கியவர் இரண்டாம் சரபோஜி மஹாராஜா.

அவர் 1798-ல் பட்டமேறினார். மறு வருஷமே உடன்படிக்கை ஒன்றின் மூலம் ஆட்சி கும்பினியார் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், வருஷத்துக்கு ஒரு லக்ஷம் வராகனும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குமே. படை நடத்த வழியில்லை. வரி விதிக்க அதிகாரமில்லை. எனினும் ஏடு தேட யார் தடை? காசி யாத்திரை சென்றபோதும் அவர் சுவடிகளைச் சேகரித்து வந்தார். ஐரோப்பிய நூல்களைத் தருவித்துத் தம் கையெழுத்தையும் இட்டு வைத்தார்.

நவவித்யா கலாநிதி சாலை என்ற பெயரில் புதிய கல்வி புகட்டும் பாடசாலை நடந்தது. 1805-ல் தேவநாகரி எழுத்துக்கள் கொண்ட அச்சுக்கூடம் அமைந்தது. மறு வருஷம் ஈஸாப் கதைகள் மராத்தியில் அச்சேறின. தன்வந்தரி மஹாலில் சுதேச வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் அருகருகே ஆராயப்பட்டன. பலன் கண்ட முறைகளைப் புலவர்கள் தமிழ்ப் பாட்டில் அமைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்பன அவையே. கண் நோயாளர் ஒவ்வொருவரின் நோயையும் சிகிச்சையையும் குறித்து, நோயுற்ற கண்ணை வர்ணத்தில் எழுதி வைத்த ஏடுகளும் உள்ளன. 1826-ல் மன்னரைக் கண்ட ஹீபர் அத்தியக்ஷர், லவாய்ஸியர், லின்னேயஸ் முதலிய சாஸ்திரிகளின் கருத்துக்களை அவர் சரளமாக எடுத்துரைத்ததாக எழுதியிருக்கிறார். நாட்டியத்துக்கு இன்றும் வழி வகுத்து நிற்கும் தஞ்சை நால்வரும் அந்த அவையைச் சேர்ந்தவர்களே.

இவ்வளவும் பின்னர் என்னவாயிற்று? சரபோஜி 1832-ல் காலமானார். அவர் மைந்தர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் கும்பினியார் அரசுரிமையையே ஒழித்தனர். அரண்மனையை அண்டி நின்ற பாடசாலையும் மருத்துவசாலையும் ஆதரவற்று மறைந்தன. லண்டன் சபைக்கு மன்னர் தந்தது சாஸனம். அதை நடத்தியவர்கள் அங்கத்தினர்கள். ஒருவர் மறைந்தால் மற்றொருவரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். தஞ்சையிலோ சகலமும் ஒரே மனிதரின் ஆர்வத்தில் நின்றது. ராஜா போனார், சபையும் போயிற்று.

ஏடுகள் மட்டும் பிழைத்தன. தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னெல் துரை ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880-ல் வெளியிட்டார். 1918-ல் சரஸ்வதி மஹால் பொது நூல்நிலையமாயிற்று. இதற்குள் மக்களும் விழித்துக்கொண்டார்கள். 1911-ல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 1912-ல் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத வித்யா மஹாஜன சங்கத்தை நிறுவினார். இவற்றை எந்த மன்னரும் ஏற்படுத்தவில்லை.

நேயர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மன்னர் பெற்ற ஐந்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? வெண்ணாற்றுப் பாசனத்திலும் குடமுருட்டிக் கரையிலும் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களின் நெல்லிலிருந்து வந்தது. அந்த ஏடுகளுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். அவற்றை வாசிக்க அவர்களுக்கு அன்று வழியில்லை. இன்று கதவு திறந்திருக்கிறது. ஆயினும் அரண்மனைக் கணக்குகளைத் தாங்கிய மோடி எழுத்தை வாசிக்க வல்லவர் மிகச் சிலரே.

வசம்பு வைத்துக் கட்டினால் பூச்சி அண்டாது. ஆனால் வாசிப்பவர் இல்லாத ஏட்டை எந்த மருந்து காப்பாற்றும்? நம் வீட்டு இளைஞர்களில் சிலரேனும் பழைய எழுத்துக்களைக் கற்க முன்வர வேண்டும். பாட்டனார் நெல் அளந்து கொடுத்து வாங்கிய சொத்தைப் பேரன் பிரித்துப் பார்ப்பது உபகாரமன்று, கடமை.