தில்லைக் காட்டு நீர்நாய்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, கிள்ளையையும் பிச்சாவரத்தையும் சூழ்ந்து கிடக்கும் உப்பங்கழிகளில், சுரபுன்னை அடர்ந்த சதுப்புக் காட்டினிடையே தில்லை என்னும் மரத்தை இன்றும் காணலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற திருநாமத்தை அளித்த விருட்சம் அதுவே. நகரம் பெருகப் பெருக, அது கழிக்கரைக்கு ஒதுங்கிவிட்டது. இம்மரத்தைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் உடம்பில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டாலோ தாங்கொணா எரிச்சலுண்டாகிப் பார்வையே சிறிது காலம் மறைந்துவிடக் கூடும். ஆதலால் விஷயமறிந்தவர்கள் அதன் கிளையை ஒடிக்கத் துணிய மாட்டார்கள்.

தாவர சாஸ்திரத்துக்குரிய இச்செய்தி இலக்கியத்தில் குறியீட்டைப் பற்றிய ஒரு கட்டுரையில் எதற்காக இடம்பெற வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். நற்றிணையின் 195-ஆம் பாட்டில் இந்தத் தில்லை வருகிறது என்பதே அதற்கு விடை. தலைவியோடு களவில் பழகிவரும் நெய்தல் நிலத் தலைவன் மணத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் நாளைக் கடத்துகிறான். அவனிடம் தோழி பேசுகிறாள். பெரிய கழியில் இளம் நீர்நாய் ஒன்று கொழுத்த மீனை வயிறார உண்டு, தில்லை மரச் செறிவில் படுத்து உறங்கும் துறைக்கு உரியவனே என்று அவனை விளிக்கிறாள். பிறகு, நெல்லறுப்போரின் அரிவாள் பட்டுக் குவியாமல் தண்ணீரில் அலையும் நெய்தற் பூவைப்போல உன் காதலியின் கண்கள் நீர் சொரிகின்றன என்று முடிக்கிறாள்.

பூவையும் கண்ணையும் அவள் வெளிப்படையாகவே ஒப்பிட்டுவிட்டாள்; அங்கே மறைபொருள் ஏதுமில்லை. ஆனால் நீர்நாயைப் பற்றிச் சொன்னபோது, அது யாரைப் போன்றது என்று அவள் சொல்லவேயில்லை. வேண்டியதை உண்டபின் கவலையின்றி உறங்குகிறவன் யார் என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தலைவன் உணர்ந்தாக வேண்டும். அவனுக்குப் பின்னால் நின்று கேட்கும் நாமும் உணர்ந்தாக வேண்டும். நேரே பழித்துரைத்தால் அவன் சினந்து விலகிவிடலாம், ஒன்றும் சொல்லாதிருந்தாலோ தலைவியின் வாழ்வு பாழாகும் என்ற இக்கட்டில் நிற்கும் ஒரு பெண், அவனுடைய ஊரின் பெருமையைச் சொல்வதுபோலத் தொடங்கி அவனுடைய குற்றத்தையே சொல்லி முடிக்கிறாள். இவ்வகைப் பேச்சைத்தான் தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்றார்; அவ்வாறன்றி வெளிப்பட நிற்பதை ஏனை உவமம் என்று பிரித்தார். ஒரே சிறு பாட்டில் இரண்டும் அருகருகே அமைந்திருப்பதால், குறியீட்டைக் கற்கப் புகும் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் கிடைப்பது அருமை என்பது என் அபிப்பிராயம்.

தொல்காப்பியர் ஒரு வரம்பும் விதித்தார். அந்தந்த நிலத்து விலங்கு, பறவை, மரம், பூ முதலிய கருப்பொருள்களைக் களமாகக் கொண்டே உள்ளுறை பிறக்க வேண்டும். கருப்பொருள்களுள் தெய்வத்தை மட்டும் அதற்குக் கொள்ளலாகாது. பாரிஸில் 1886-ஆம் ஆண்டு குறியீட்டுக் கவிஞர்களின் கொள்கை விளக்கத்தை ழான் மொரேயாஸ் வெளியிட்டபோதும், உணர்ச்சிக்கு நிகரான பொருள்களையும் நிகழ்ச்சிகளையும் கண்டு காட்டுவதே கவிஞனுக்குரிய வழி என்று 1919-இல் எலியட் எழுதியபோதும், அந்தக் கவிஞர்கள் தத்தமக்கு வேண்டிய குறியீடுகளைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கப் புலவருக்கோ கழியும் நாரையும் நெய்தலும் கேட்போர் அனைவருக்கும் பொதுவான சொத்தாக இருந்தன.

அந்தப் பொதுச்சொத்து இப்போது நம்மிடம் இல்லை. சிரமம் இங்கேதான் தொடங்குகிறது. தில்லையை அறியாதவருக்கு அது ஏதோ ஒரு மரம். அறிந்தவர், கண்ணைக் கெடுக்கும் பாலுள்ள மரத்தின் நிழலில் நீர்நாய் அஞ்சாமல் உறங்குவதையும், அதே பாட்டின் இறுதியில் ஒரு பெண்ணின் கண் கலங்குவதையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அவன் இன்பமாக உறங்கும் இடமே அவள் கண்ணுக்குத் தீங்கு செய்யும் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என்னுடைய வாசிப்பு. இலக்கண விதியாக இதை யார்மீதும் சுமத்த மாட்டேன். ஆயினும் மரத்தின் இயல்பு, பாட்டின் முடிவு, பேசுகிறவளின் நோக்கம் ஆகிய மூன்றும் இதற்கு இடங்கொடுக்கின்றன என்பதால் துணிந்து சொல்கிறேன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்திவரும் கடல் உயிரியல் மையத்துக்கு நெய்தற் பாட்டைப் பயிலும் தமிழ் மாணவர்கள் ஒருமுறையேனும் சென்றுவர வேண்டும் என்று நான் விரும்புவதற்கும் இதுவே காரணம். பாட்டில் பெயர் சொல்லப்படும் ஊர் தொண்டிதானே என்று சிலர் கேட்பார்களாயின் உண்மைதான். ஆனால் கழியின் இயல்பை அறிய நம் வீட்டருகே உள்ள கழி போதும்.

பொருளை அறியாமல் வாசிப்பது ஒரு குறையென்றால், காணும் பொருளுக்கெல்லாம் மறைபொருள் கற்பிப்பது மற்றொரு குறை. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில், வெள்ளாங்குருகின் குஞ்சு இறந்ததென்று காணச்சென்ற நாரையைப் பற்றிப் பத்துப் பாட்டுகள் ஒரேவிதமாகத் தொடங்குகின்றன. பழைய உரைகாரர் குருகைப் பரத்தையாகவும், குஞ்சை அவளுடன் தலைவன் கொண்ட உறவாகவும், அதன் இறப்பை அவ்வுறவின் முறிவாகவும், நாரையைச் சமாதானம் பேசச்சென்ற வாயிலாகவும் கொண்டார். அவருடைய நுட்பம் வியக்கத்தக்கது. எனினும் துக்கம் விசாரிக்கச் செல்லும் அந்தப் பறவையின் தளர்ந்த நடை, இந்தக் கணக்கிலே சற்று மறைந்துபோகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நற்றிணை 172-ஆம் பாட்டிலோ, சிறுமிகள் மணலில் புதைத்து மறந்த விதை முளைத்துப் புன்னையாகிறது. உங்களைவிடச் சிறந்த உடன்பிறப்பு இது என்று தாய் சொல்லிவைக்கிறாள். ஆகவே அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறார்கள். இந்தப் புன்னை எதைக் குறிக்கிறது என்று நான் தேடுவதில்லை. அது புன்னையாகவும் உடன்பிறந்தாளாகவும் இருப்பதே எனக்குப் போதும்.

திணையின் துணையில்லாத நவீனக் கதைகளில் வாசகரின் பொறுப்பு இன்னும் மிகுதி. சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனி எழுதிய ‘அழியாச்சுடர்’ கதையில், கோயிலில் ஓர் இளைஞன் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கிறான். அப்போது தூணிலுள்ள யாளி எழுந்து ஆடுவதாக அவனுக்குத் தோன்றுகிறது. யாளி என்றால் காமம் என்றோ காலம் என்றோ அகராதிபோல அர்த்தம் எழுதிவிட்டால் கதை அந்தக் கணத்திலேயே அடங்கிவிடும். தோழியின் பேச்சில் கேட்டவற்றையே இங்கும் கேட்கலாம்: கண்டவன் யார், யார் முன்னிலையில் கண்டான், காண்பதற்குச் சற்று முன் அவன் வாயிலிருந்து வந்த சொல் என்ன? கல்யாளியை நின்று பார்த்திராதவர்கள் ஒருநாள் விளக்கேற்றும் வேளையில் ஏதேனும் ஒரு பழைய கோயில் மண்டபத்தில் அதன் பிதுங்கிய கண்ணையும் தூக்கிய காலையும் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கதையை மறுபடியும் படிக்கலாம்.