கெண்டையின் வாய் எதைத் துப்பும்?

"கெண்டை பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. கடையில் ராடு, ரீல், வாசனை இரை உருண்டை எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். குறைந்த செலவில் தொடங்க முடியாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி கரையில் நிற்பவரின் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்கான செலவு. மீன் தொடுவது இரையையும் முள்ளையும் முள்ளை ஒட்டிய ஒரு சாண் தூண்டில் நரம்பையும்தான். அவற்றை எப்படித் தேர்வது என்று தெரிய வேண்டுமானால், கெண்டையின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இங்கே நான் பேசுவது சாதா கெண்டையைப் பற்றி. வாயோரம் நான்கு மீசையோடு, அடிச்சேற்றைக் கிளறி மேய்கிற மீன். கட்லா மேல்நோக்கிய வாயோடு நீரின் மேற்பரப்பை ஒட்டி மேய்வது. அதன் தூண்டில் முறையே வேறு. சாதா கெண்டை நம் நாட்டு மீனும் அல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு வகை வந்தது. 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்த இன்னொரு வகை சமவெளிக் குளங்களின் சூட்டுக்கு ஒத்துப்போய்ப் பெருகியது. வரலாறு இவ்வளவு போதும்.

கெண்டையின் தாடையில் பல் கிடையாது. உதடுகள் குழாய்போல முன்னே நீள, இரையைச் சேற்றோடு சேர்த்து உறிஞ்சிவிடும். வாய்க்குள் போவதில் புழுவும் இருக்கும், விதையும் இருக்கும், மணலும் சரளைக்கல்லும் இருக்கும். இதில் உணவை மட்டும் பிரித்தெடுக்க, அதன் மேலண்ணத்தில் தடித்த தசை மெத்தை ஒன்று இருக்கிறது. அதன் பரப்பெங்கும் சுவை மொட்டுகள். மெத்தையில் எந்த இடத்தில் உணவின் சுவை படுகிறதோ, அந்த இடம் மட்டும் புடைத்து, உணவுத் துணுக்கை வாயின் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள மணலை நீர் அடித்துக்கொண்டு போய்ச் செவுள் இடுக்கு வழியாகவோ வாய் வழியாகவோ வெளியே தள்ளிவிடும். மிச்சத்தை மறுபடி உறிஞ்சும், மறுபடி அலசும்.

அடுக்களையில் தண்ணீரில் அரிசி களையும் கையைக் கவனித்திருப்பீர்கள். அரிசியைப் பிடித்துக்கொண்டு, உமியையும் தூசியையும் நீரோடு விட்டுவிடுகிற கை. அந்த விரல் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு நாக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் ஐந்தல்ல, நூற்றுக்கணக்கில். பாத்திரத்தில் இருப்பதோ எதுவுமே கண்ணுக்குத் தெரியாத கலங்கல். களைபவரைக் கேட்காமல், 'இது அரிசி, பிடி. இது கல், விடு' என்று ஒவ்வொரு விரலும் தானே முடிவெடுத்துக்கொள்கிறது. கெண்டையின் வாய் ஏறக்குறைய அப்படித்தான் வேலை செய்கிறது.

விரல் தானே முடிவெடுப்பதாகச் சொன்னது வெறும் அலங்காரம் இல்லை. கெண்டையின் பின்மூளையில் புடைத்துத் தெரியும் இரண்டு மடல்கள் உண்டு. அவற்றின் மேலடுக்கில் அண்ணத்தின் சுவை மொட்டுகள் வரைபடம்போல இடம் பிசகாமல் பதிவாகியிருக்கின்றன. ஆழமான அடுக்கில், அதே வரைபடத்துக்கு நேராக, அண்ணத் தசையை இயக்கும் நரம்பணுக்கள். ஓர் இடத்தில் சுவை தட்டினால், செய்தி நேராக ஓரடுக்கு கீழே இறங்கி அதே இடத்துத் தசையைச் சுருக்குகிறது. முன்மூளை வரை போய் அனுமதி வாங்கிவர வேண்டிய அவசியமில்லை. சேற்றுக்குள் முகம் புதைத்து வாழும் ஒரு மீனுக்கு இப்படியொரு சாதனம் வாய்த்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது தூண்டிலுக்கு வருவோம். மாவு உருண்டைக்குள் முள்ளைப் புதைத்துப் போட்டால், இரும்பு தட்டுப்பட்டதும் கெண்டை உருண்டையோடு முள்ளையும் துப்பிவிடும். முள் நுனி இரைக்குள் மறைந்திருப்பதால் உதட்டில் ஏறாது. இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர் 1980-ஐ ஒட்டி இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவிலிருந்து ஒரு தலைமுடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். மீன் துப்பும்போது, வெறுமையாக இருக்கும் முள் நுனி கீழுதட்டில் தைத்துக்கொள்கிறது. துப்புகிற செயலே மீனை மாட்டிவிடுகிறது.

தலைமுடிக்குப் பதில் தையல் நூல் போதும். முள்ளின் வளைவில் ஒரு அங்குல நூலை முடிந்து, நுனியில் சின்னக் கண்ணி விடுங்கள். அவித்த மக்காச்சோள மணி இரண்டை ஊசியால் கோத்து, கழன்றுவிடாமல் கண்ணியில் ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகுங்கள். முள்ளின் வளைவுக்கும் சோளத்துக்கும் இடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். 60 முதல் 80 கிராம் ஈயக்குண்டு ஒன்றை முள்ளிலிருந்து ஒரு சாண் தள்ளி நகராமல் கட்டினால், குத்து உணர்ந்து மீன் விலகும்போது அந்தக் கனமே முள்ளை ஆழமாக இறக்கிவிடும்.

இரைக்கு வருவோம். நீரில் கரைவதைத்தான் மீனின் நாக்கு அறியும். புட்டியைத் திறந்ததும் நம் மூக்கைத் துளைக்கும் எண்ணெய் எசன்ஸ் நீரில் கரையாது. அதன் விலையில் பாதி நம் மூக்குக்காகக் கொடுப்பது. கெண்டையை இழுப்பவை அமினோ அமிலங்கள். 'அமினோ ரகசியம்' என்று டப்பாவில் அச்சடித்து விற்பதைக் கடலைப் புண்ணாக்கு காலங்காலமாகச் சத்தமில்லாமல் தந்துகொண்டிருக்கிறது. இரவே ஊறவைத்தால் லேசாகப் புளிக்கும். புரதம் உடைந்து நீரில் கரையும் வடிவுக்கு வந்துவிடும். அதைத் தவிட்டோடு பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக முள் விழும் இடத்தில் எறியுங்கள். சோளத்தையோ கொண்டைக்கடலையையோ ஒரு நாள் ஊறவைத்து, அரை மணி நேரம் அவித்து, வெந்த நீரை வடிக்காமல் அதிலேயே ஆறவிடுங்கள். காய்ந்த தானியத்தை மட்டும் போடவே கூடாது. குடலுக்குள் ஊதி மீனுக்குக் கேடு செய்யலாம்.

பணத்தை முதலில் முள்ளில் போடுங்கள். முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் கடித்து நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கல். எட்டாம் எண் அல்லது ஆறாம் எண் முள் தொடங்குபவருக்குப் போதும். ராடு கண்ணாடி இழையில் செய்ததாகவே இருக்கட்டும். கார்பன் ராடு இலேசானது, ஆனால் அடிபட்டால் எளிதில் முறியும். 'மீன் கண்ணுக்கே தெரியாத' ஃப்ளூரோகார்பன் நரம்பு என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, சாதாத் தங்கூசி நரம்புக்கு 1.53. வித்தியாசம் குறைகிறதே தவிர மறைந்துவிடவில்லை. கலங்கிய ஏரியில் அதுவும் பயன்படாது.

0.35 மி.மீ. தங்கூசி நரம்பு ஏறத்தாழ 7 கிலோ இழுவையைத் தாங்கும். பத்துக் கிலோ கெண்டை வந்தால் அறுந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். நீந்துகிற மீனின் எடையைக் காற்றுப்பை பெரும்பாலும் ஈடுகட்டிவிடுவதால், நரம்பில் விழுவது எடையல்ல, ஓட்டத்தின் இழுப்பு. ரீலின் பிடிப்பை நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தளர்த்தி வைத்தால், மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் அறுவது முடிச்சில்தான். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசும் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும்.