தேனி மாவட்ட விழாக்கால உடைகள்

தேனி மாவட்ட விழாக்கால உடைகள் என்பவை தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலும் அதன் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கிலும் திருமணம், பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா, பொங்கல் போன்ற சிறப்பு நாட்களில் உடுத்தப்படும் மரபுவழி உடைகளாகும். சேலை, பாவாடை தாவணி, வேட்டி, துண்டு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. எந்த நாளுக்கு எந்த உடை என்பது அழகை மட்டும் கொண்டு முடிவு செய்யப்படுவதில்லை. உடையைக் கொடுக்க வேண்டிய உறவினர் யார், உடுத்துபவர் அன்று செய்ய வேண்டிய சடங்கு அல்லது உடலுழைப்பு என்ன, துணியின் இழை எத்தகையது ஆகிய மூன்றும் இத்தெரிவைத் தீர்மானிக்கின்றன.

பின்னணி

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டின் அரசாணைப்படி மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டம் அமைந்துள்ளது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையும் நிலமாக உள்ளது. தமிழுடன் தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றை வீட்டு மொழியாகக் கொண்ட சமூகத்தினரும் இங்கு வாழ்கின்றனர். இந்து, இசுலாமிய, கிறித்தவ சமயத்தவரின் திருமண உடைகள் தம்முள் வேறுபட்டாலும், சேலையும் வேட்டியும் அனைவருக்கும் பொதுவானவை.

உடை வகைகள்

சேலை: இன்று பரவலாக உடுத்தப்படும் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுடையது. உடல், கரை, முந்தி என்பன இதன் பகுதிகள்.

பாவாடை தாவணி: பருவமெய்திய, மணமாகாத பெண்களின் உடை. அன்றாடப் பயன்பாட்டில் குறைந்துவிட்ட போதிலும் பொங்கல், கோயில் கொடை, உறவினர் திருமணம் ஆகியவற்றில் இன்றும் காணப்படுகிறது.

வேட்டி: நான்கு முழ வேட்டி ஒற்றையாகவும், எட்டு முழ வேட்டி இரட்டையாக மடித்தும் உடுத்தப்படுகின்றன. ஒரு முழம் ஏறத்தாழ 45 செ.மீ. ஆகும். வேலை செய்யவேண்டிய நாளுக்கு நான்கு முழமும், சபையில் அமரவேண்டிய நாளுக்கு எட்டு முழமும் ஏற்றவை எனக் கருதப்படுகின்றன.

சீர் உடைகள்

சில நாட்களில் உடை, உடுத்துபவரின் தெரிவாக இருப்பதில்லை. பெரும்பாலான சமூகங்களில் முகூர்த்தச் சேலையை மணமகன் வீட்டார் வாங்குகின்றனர். பூப்புனித நீராட்டு விழாவில் தாய்மாமன் சீராகக் கொண்டுவரும் சேலையையே பெண் உடுத்துகிறாள். அவளிடம் அதைவிட விலையுயர்ந்த சேலை இருந்தாலும் அன்று அது பொருட்டன்று. மாமன் கொண்டுவந்த சேலையை உடுத்தாமல் விடுவது உறவை மறுப்பதாகக் கொள்ளப்படும். மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டார் 'கோடி' எனப்படும் புதுத்துணி கொண்டுவருவதும் இச்சீரின் தொடர்ச்சியே.

இதனால் சீர்ச்சேலையின் விலை, கொடுக்கும் குடும்பத்தின் மதிப்போடு பிணைக்கப்படுகிறது. வசதி குறைந்த தாய்மாமன்கள் கடன் பெற்றுப் பட்டு வாங்குவதும் உண்டு. ஆனால் சடங்கிற்குத் தேவைப்படுவது குறிப்பிட்ட உறவினரிடமிருந்து வரும் புதுத்துணி. அது பட்டாகவே இருக்கவேண்டும் என்பதன்று.

நீராட்டுச் சடங்கின்போது சாதாரணப் பருத்தி உடையே அணியப்படுகிறது. மஞ்சள் நீர் பட்டால் பட்டுத்துணியில் கறை படிவதுடன் சரிகையும் மங்கும் என்பது இதற்குக் காரணம். நீராட்டிய பின்னரே சீர்ச்சேலை உடுத்தப்படுகிறது.

திருவிழா உடைகள்

முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் பக்தர்கள் தீச்சட்டி ஏந்துகின்றனர். மஞ்சள் நிற உடையும் ஆற்றில் நீராடிய ஈரத்துணியும் இங்கு வழக்கம். நெருப்பின் அருகே இழையின் தன்மை முக்கியமானது. பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைகள் வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் தீக்காயம் ஆழமாகிறது. பருத்தியும் எரியக்கூடியதே எனினும் உருகி ஒட்டுவதில்லை. எனவே கெட்டியான பருத்தித்துணியை, முந்தியோ துண்டின் நுனியோ தொங்காதவாறு இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பானது.

தமிழக–கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரை முழுநிலவு நாளில் விழா நடைபெறுகிறது. காட்டுவழியே மலையேறிச் செல்வோருக்குக் கனமான பட்டு இடையூறாகும். கால்களைத் தடுக்காத பருத்தி உடை ஏற்றது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் கம்பம், குமுளி வழியாகச் சபரிமலை செல்வோர் கறுப்பு, நீலம், காவி நிற வேட்டிகளை உடுத்துகின்றனர்.

பட்டும் பருத்தியும்

ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியும் அருகிலுள்ள டி. சுப்புலாபுரமும் பருத்திச் சேலை நெசவுக்கு அறியப்பட்டவை. கைத்தறியுடன் விசைத்தறியும் இப்பகுதியில் இயங்குகிறது. ஆயினும் முகூர்த்தத்திற்கு மாவட்டத்திற்கு வெளியே நெய்யப்படும் காஞ்சிபுரம் போன்ற பட்டுகளே பெரிதும் வாங்கப்படுகின்றன. உள்ளூர்ப் பருத்திச் சேலை பொங்கலுக்கும் உறவினருக்கு எடுத்துக் கொடுப்பதற்கும் உரியதாக ஒதுக்கப்படுகிறது.

பயன்பாட்டு அடிப்படையில் ஒப்பிட்டால், பட்டுச்சேலை ஆண்டில் சில நாட்கள் மட்டுமே உடுத்தப்பட்டுப் பெட்டியில் இருக்கும். பருத்திச் சேலை வியர்வையை உறிஞ்சும். வீட்டிலேயே துவைத்துக் கஞ்சியிட்டு மீண்டும் உடுத்தலாம். சித்திரை, வைகாசி மாதத் திருமணங்களில் மணமக்களைத் தவிர்த்த ஏனையோருக்குப் பருத்தியே வசதியானது. மதுரை, சின்னாளபட்டி ஆகிய இடங்களின் சுங்குடிச் சேலைகளும் இவ்வகையில் விரும்பப்படுகின்றன.

தரம் அறிதல்

பட்டு என்ற பெயரில் செயற்கை இழைச் சேலைகள் விற்கப்படுவதால் வாங்குமுன் சோதித்தல் நன்று. முந்தியின் ஓரத்திலிருந்து எடுத்த ஓர் இழையைக் கொளுத்தினால் தூய பட்டு முடி கருகும் நாற்றத்தைத் தரும். சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும். பருத்தி, காகிதம் எரிவது போன்ற மணத்துடன் எரியும். தூய சரிகை, பட்டு நூலின் மீது வெள்ளி இழையைச் சுற்றிப் பொன் முலாம் பூசியதாகும்.

தூய பட்டுக்கு 2004 இல் பட்டுக்குறியும், கைத்தறித் துணிக்கு 2006 இல் கைத்தறிக்குறியும் நடுவண் அரசின் முயற்சியால் அறிமுகப்படுத்தப்பட்டன. முதலாவது இழையைப் பற்றியது. இரண்டாவது நெய்த முறையைப் பற்றியது. விசைத்தறியில் நெய்ததும் தூய பட்டாக இருக்கலாம் என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 1935 இல் தொடங்கப்பட்ட கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்சு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கைத்தறித் துணிகளை விற்பனை செய்கிறது.

சட்டமும் மரபு உடையும்

- சேலை, வேட்டி உள்ளிட்ட சில துணிவகைகளைக் குறிப்பிட்ட அமைப்பில் கைத்தறியில் மட்டுமே நெய்யவேண்டும் என 1985 ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வரையறுக்கிறது.
- 2014 இல் வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னை மன்றமொன்றில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டில், வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.
- தமிழகக் கோயில்களுக்கு வருவோர் அணியவேண்டிய உடைகளை வரையறுத்து 2015 நவம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி ஆணையிட்டார். 2016 தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதனை நிறுத்திவைத்தது.