ஒப்புதலா, தடையா? – ஒரு சொல்லின் இரு முகங்கள்

ஆங்கில அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை எழுதி வைத்துவிட்டால் அச்சொல் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கும் சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘சேங்ஷன்’.

அகராதியைப் புரட்டினால் இச்சொல்லுக்கு ‘அதிகாரப்பூர்வ ஒப்புதல்’ என்ற பொருள் இருக்கும். அதனுடனேயே ‘தண்டனை, தடை’ என்ற பொருளும் இருக்கும். தமிழ்நாட்டில் வங்கிக் கடன் ‘சேங்ஷன்’ ஆகிவிட்டது என்றால் வீட்டில் மகிழ்ச்சி பொங்கும். ஆனால், குவைத்தை ஆக்கிரமித்த ஈராக்கின் மீது 1990 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதித்ததும் ‘சேங்ஷன்’தான். அது அந்நாட்டின் வணிகத்தை முடக்கிய பொருளாதாரத் தடை. ஒரே சொல் கொடுக்கவும் தடுக்கவும் செய்வது எப்படி?

இதற்கான விடை அச்சொல்லின் பிறப்பில் உள்ளது. அதன் இலத்தீன் வேர், ஒன்றைப் புனிதமானதாக, மீறக்கூடாததாக நிலைநிறுத்துவதைக் குறித்தது. சட்டத்தை உறுதிப்படுத்துவது ஒரு பக்கம். அதை மீறுவோருக்குரிய தண்டனை மறுபக்கம். முதல் பக்கத்திலிருந்து ஒப்புதலும் மறுபக்கத்திலிருந்து தடையும் கிளைத்தன.

சரி, வாசிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படி அறிவது? தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளியில் வகுப்பு நேரத்திற்கு வெளியேயும் தொடர்ந்து படித்த தமிழ்தான் இங்கு எனக்குக் கைகொடுத்தது. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. பலபொருள் ஒருசொல்லின் பொருளை அதனோடு வரும் வினையும் இனமும் சார்பும் தெளிவாக்கும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். அதே அளவுகோலை ஆங்கிலச் சொல்லுக்கும் பயன்படுத்திப் பார்ப்போமே!

முதலில் வினையைக் கவனியுங்கள். ‘விதித்தல்’, ‘நீக்குதல்’ எனப் பொருள்படும் ஆங்கில வினைகள் உடன் வந்தால் அது தடை. ‘வழங்குதல்’, ‘பெறுதல்’ எனப் பொருள்படுபவை வந்தால் பெரும்பாலும் ஒப்புதல்.

அடுத்து எண்ணைக் கவனியுங்கள். ‘சேங்ஷன்ஸ்’ என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் தடையே. அதிலும் ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ என்ற சொல் தொடர்ந்து, பின் ஒரு நாட்டின் பெயர் வந்தால் ஐயமே வேண்டாம்.

இச்சொல்லே வினையாக வரும்போது செயப்படுபொருளைப் பாருங்கள். திட்டம், செலவு, கடன் போன்றவற்றை ‘சேங்ஷன்’ செய்தால் அது ஒப்புதல். ஒரு நபரையோ நிறுவனத்தையோ நாட்டையோ ‘சேங்ஷன்’ செய்தால் அது தண்டனை. இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு செய்தியை வாசித்தால், தண்டிக்கப்பட்ட நிறுவனத்தை அனுமதி பெற்ற நிறுவனமாகப் புரிந்துகொள்ள நேரிடும். ‘மூவெட்’ வாசிப்புத் தாளில் போவது சில புள்ளிகள்தாம். வேலையிடத்தில் ஓர் ஒப்பந்தத்தை வாசிக்கும்போது இழப்பு பெரிதாகலாம்.

ஆகவே நண்பர்களே, புதிய சொல்லைத் தனியே எழுதிவைக்காதீர்கள். அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். உடன் வந்த வினையை அடிக்கோடிடுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது என்று அஞ்சும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஆங்கிலச் சொல்லைத் திறக்கத் தமிழ் இலக்கணமே சாவியாகும்போது, அந்த அச்சத்திற்கு நாம் ஏன் ‘சேங்ஷன்’ வழங்க வேண்டும்?