ஈராக் 2003: வராத பஞ்சத்துக்கு ரெடி… வந்த கொள்ளைக்கு பிளான் இல்லை!

ஈராக்கை எப்படிப் பிடிப்பது என்று அமெரிக்க ராணுவம் ஓராண்டுக்கும் மேலாகத் திட்டம் போட்டது. பிடித்த பிறகு அந்த நாட்டை யார் பார்த்துக்கொள்வது? அதற்கான அலுவலகம் உருவானதோ போருக்கு வெறும் 2 மாதங்களுக்கு முன்புதான்.

2003 ஜனவரி 20-ல் அதிபர் புஷ் உத்தரவில் பிறந்த அந்த அமைப்பின் சுருக்கப் பெயர் ‘ஓர்ஹா’. மறுசீரமைப்பு, மனிதாபிமான உதவி இரண்டும் இதன் பொறுப்பு. தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல் ஜே கார்னர். 1991 வளைகுடாப் போருக்குப் பின் வட ஈராக்கில் குர்து மக்களுக்கான நிவாரணப் பணியை நடத்தியவர். அப்போது பார்த்த காட்சிகளையே இப்போதும் எதிர்பார்த்தார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

எதற்கெல்லாம் தயாரானார்கள்?

எண்ணெய்க் கிணறுகள் எரியும், ரசாயன ஆயுதம் பாயும், சாப்பாடு தீர்ந்துபோகும், மக்கள் எல்லையைத் தாண்டி ஓடுவார்கள். இவைதான் கணிப்பு. 6 லட்சம் அகதிகள் வரை வரலாம் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பும் தயாரானது.

பயம் நியாயமானதுதான். பொருளாதாரத் தடையால் நொடிந்திருந்த ஈராக்கில் சுமார் 60 சதவீதம் பேர் அரசு ரேஷனை நம்பித்தான் இருந்தார்கள். ஆனால் பஞ்சம் வரவில்லை. போருக்கு முன்பே சதாம் அரசு ரேஷனை முன்கூட்டிக் கொடுத்திருந்தது. போருக்குப் பின், தெருவுக்குத் தெரு இருந்த அதே ரேஷன் ஏஜென்ட்கள் மூலமாகவே உலக உணவுத் திட்டம் பொருட்களை அனுப்பியது. ஜூன் மாதம் விநியோகம் மீண்டும் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியை உடைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். மொத்தக் கதையிலும் உருப்படியாக நடந்த வேலை இது.

அப்போ எது கைமீறியது?

ஏப்ரல் 9-ல் பாக்தாத் வீழ்ந்தது. போலீஸ் இல்லை. மக்கள் அரசு அலுவலகங்களுக்குள் புகுந்து நாற்காலி முதல் சுவருக்குள் இருந்த ஒயர் வரை உருவிக்கொண்டு போனார்கள். எந்தெந்த இடங்களைக் காக்க வேண்டும் என்று ‘ஓர்ஹா’ 16 இடங்களின் பட்டியலை ராணுவத்திடம் கொடுத்திருந்தது. முதலிடம் மத்திய வங்கிக்கு, இரண்டாமிடம் தேசிய அருங்காட்சியகத்துக்கு. இரண்டுமே சூறையாடப்பட்டன. பட்டியலில் கடைசியாக இருந்த எண்ணெய் அமைச்சகத்துக்குத்தான் டாங்குகள் காவல் நின்றன!

கார்னர் பாக்தாத் வந்து சேர்ந்ததே ஏப்ரல் 21-ல். அவர் கணக்குப்படி 23 அமைச்சகக் கட்டடங்களில் 17 காலி. அதிகாரிகளைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்பதுதான் பிளான். அவர்கள் வந்து உட்கார நாற்காலி இல்லை.

மே மாதம் கார்னருக்குப் பதில் பால் பிரெமர் வந்தார். முதல் உத்தரவில் பாத் கட்சியின் மேல்மட்டத்தினர் அரசு வேலையிலிருந்து நீக்கம். இரண்டாவது உத்தரவில் ராணுவமே கலைப்பு. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகஸ்ட் 19-ல் ஐ.நா. அலுவலகத்தைக் குண்டு தாக்கியது. தூதர் செர்ஜியோ வியெரா டி மெல்லோ உட்பட 22 பேர் பலி. வெளிநாட்டு உதவிப் பணியாளர்கள் கிளம்பத் தொடங்கினர்.

பணம் என்ன ஆனது?

அமெரிக்காவின் பங்கு 170 கோடி டாலரோடு முடியும் என்று அந்நாட்டு உதவி அமைப்பின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் ஏப்ரலில் டிவியில் சொன்னார். நவம்பரில் நாடாளுமன்றம் ஒதுக்கியது 1,840 கோடி. பத்தாண்டுகளில் அது சுமார் 6,000 கோடி டாலர் ஆனது.

முதலில் பெரிய மின் நிலையம், பெரிய குடிநீர்த் திட்டம் என்றுதான் ஆரம்பித்தார்கள். 2004 செப்டம்பரில் சுமார் 340 கோடி டாலரைத் தண்ணீர், மின்சாரத்திலிருந்து பெரும்பாலும் பாதுகாப்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பாதுகாப்பு இல்லாமல் குழாய் பதிக்க முடியாது, உண்மைதான். ஆனால் தண்ணீர் வராத வீட்டுக்காரர் யார் பக்கம் சாய்வார்?

ஃபலூஜா கழிவுநீர்த் திட்டத்தைப் பாருங்கள். 2004-ல் போட்ட கணக்கு சுமார் 3.25 கோடி டாலர், ஊர் முழுவதற்கும் இணைப்பு. கடைசியில் செலவு 10 கோடியைத் தாண்டியது. ஊரில் பாதி வீடுகளைக்கூட எட்டவில்லை.

2013-ல் வெளியான இறுதி அறிக்கைக்காக அமெரிக்கத் தணிக்கை அமைப்பு ஈராக்கியத் தலைவர்களிடம் பேசியது. பலரும் சொன்ன புகார் ஒன்றுதான்: எங்களிடம் சரியாகக் கேட்கவே இல்லை.

2018 கோடையில் பாஸ்ராவில் அசுத்தத் தண்ணீரால் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மின்சாரமும் தண்ணீரும் கேட்டு இளைஞர்கள் அந்த ஊர்த் தெருக்களில் இறங்கினார்கள்.